‘தளபதிகளே பார்த்துக்கொள்வார்கள்’: விவாத மேடை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தித் தொலைக்காட்சிகளில் உலக விவகார விவாதங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்களில் ஒருவரின் நிகழ்ச்சியில், படையெடுப்பு நெருங்கும்போது ஒரு சர்வாதிகாரி என்ன ஆவார் என்று பேச்சு வந்தது. “வெளியே குண்டு விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் தளபதிகளே ஆளை முடித்துவிடுவார்கள்” என்றார் விருந்தினர். நெறியாளர் தலையாட்டினார். உடனே விளம்பர இடைவேளை. நான் கேட்பது ஒன்றுதான்: இப்படிச் சொல்பவரிடம் “எப்படி?” என்று கேளுங்கள்.

ஈராக் சர்வாதிகாரி சதாம் உசேன் விஷயத்திலும் இதே ஆரூடம்தான். போருக்கு ஆகும் செலவைவிட ஒரு தோட்டாவின் விலை குறைவு என்று 2002 அக்டோபரில் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளரே பேசினார். 2003 மார்ச் 20 அமெரிக்கப் படையெடுப்பு தொடங்கியது. ஏப்ரல் 9 பாக்தாத் விழுந்தது. அந்தத் தோட்டாவை எந்தத் தளபதியும் சுடவில்லை.

ஏன் என்று அந்தத் தளபதியின் இடத்திலிருந்து பாருங்கள். ஈராக் ராணுவத்தின் சிறந்த பிரிவான குடியரசுக் காவல் படையில் பெரிய பதவி. ஆனால் அவர் படை பாக்தாத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நகருக்குள் இருப்பது சதாமைப் பாதுகாக்கும் தனிப்படையான சிறப்புக் குடியரசுக் காவல் படை. பக்கத்திலேயே நின்றாலும் அவர்களோடு இவர் பேசக் கூடாது. மேலிடத்து அனுமதி இல்லாமல் படையை நகர்த்த முடியாது. சதிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளிடம் வாயைத் திறப்பது எப்படி? 1996-இல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ஆதரவோடு சதாமைக் கவிழ்க்க ஒரு சதி நடந்தது. ஈராக் உளவுத்துறை அதற்குள் எப்போதோ புகுந்திருந்தது. அதில் முக்கியப் பங்கு வகித்த முன்னாள் தளபதி முகமது அல்-ஷஹ்வானி வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார். ஈராக்கில் இருந்த அவருடைய மூன்று மகன்களும் கொல்லப்பட்டார்கள். பிள்ளை குட்டியோடு பாக்தாத்தில் குடியிருந்த அதிகாரிக்கு இதற்கு மேல் எச்சரிக்கை வேண்டுமா? போதாததற்கு, 1968-இல் கவிழ்ப்பு நடத்தி ஆட்சிக்கு வந்த கட்சிக்காரர் சதாம். திருடனுக்குத் தெரியாத பூட்டா?

நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிய பதினைந்தே நாளில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி கைதானார். 1944 ஆகஸ்டில் சோவியத் படை நெருக்கியபோது ருமேனியாவில் சர்வாதிகாரி அந்தொனெஸ்கு கைதானார். இரண்டு இடத்திலும் உத்தரவு போட ஒரு மன்னர் இருந்தார். அதிகாரிகள் கீழ்ப்படிய வேறொரு நாற்காலி இருந்தது. ஜெர்மனியில் அது இல்லை. ஹிட்லரைக் கொன்று ஆட்சியைக் கவிழ்க்க அதிகாரிகள் செய்த 1944 ஜூலை 20 முயற்சி அன்றிரவே அடங்கிவிட்டது. ஈராக்கிலோ மன்னரை 1958-லேயே சுட்டுக் கொன்றாயிற்று. இதையெல்லாம் விருந்தினரிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? விளம்பரம் இரண்டு நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே!

இன்னொன்று. தளபதி துணிந்தாலும் மறுநாள் அவருக்கு யார் துணை? 1991 வளைகுடாப் போரின்போது சதாமை “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஈராக் ராணுவத்துக்கும் மக்களுக்கும் அழைப்பு விடுத்தவர் அமெரிக்க அதிபர். நம்பி எழுந்தவர்களை சதாமின் ஹெலிகாப்டர்கள் வேட்டையாடின. அழைத்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 2003-இல் சண்டையை விட்டு வீட்டுக்குப் போகச் சொல்லித் துண்டறிக்கை வீசினார்கள். ஏராளமானவர்கள் போனார்கள். மே மாதம் அந்த ராணுவத்தையே கலைத்து, நன்றாக மரியாதை செய்தார்கள்! இதைப் பார்த்த எந்த நாட்டுத் தளபதி அடுத்த அழைப்பை நம்புவார்? குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அடுத்தவன் தலையைப் பணயம் வைப்பது சுலபம்.

சரி, கோபம் எங்கோ போகிறது, மன்னியுங்கள். உங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை யாராவது கவிழ்ப்பு நிச்சயம் என்றால், அந்தத் தளபதி யாரிடம் முதலில் சொல்வார், அவர் குடும்பம் எங்கே இருக்கிறது, மறுநாள் காலை யாருடைய உத்தரவு செல்லும் என்று கேளுங்கள். பதில் இருந்தால் நேரம் கொடுங்கள், நாங்களும் கேட்கிறோம். இல்லையென்றால் வேறு விருந்தினரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் பார்க்கும் ஒரு நேயர்