உன் மகளின் கேள்விக்குப் பதில்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இங்கே ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கு டிராயிங் அனுப்ப வேண்டிய கெடு. நேற்றுதான் முடிந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள் என்று உன் மகள் கேட்டிருக்கிறாளே, நல்ல கேள்வி. படிக்கிற காலத்தில், புதுப்புது வடிவங்களை யோசிப்பதுதான் வேலை என்று நானும் நம்பியிருந்தேன். யோசனை சில வாரங்களில் பிறந்துவிடும். அதைக் கட்டக்கூடியதாக ஆக்கத்தான் வருடங்கள் ஆகும். சிட்னி ஓபரா ஹவுஸை வடிவமைக்கும் போட்டியில் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் வென்றது 1957-ல். சிப்பி போன்ற அதன் கூரையை எப்படிக் கட்டுவது என்பதற்கு வழி பிடிபட்டது 1961-ல்: எல்லா வளைவுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுப்பது. கட்டடம் திறந்தது 1973-ல். அதற்கு ஏழு வருடம் முன்பே அவர் விலகிப் போயிருந்தார். நாங்கள் செய்யும் சின்னக் கட்டடங்களிலும் யோசனைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் எங்கள் அன்றாட வேலை.

சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தவை கழிப்பறையும் படிக்கட்டும். அப்போது மனம் சுருங்கிப் போனது. இன்று புதிதாக வருகிறவர்களுக்கு நானும் அவற்றைத்தான் கொடுக்கிறேன். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் 600 மில்லிமீட்டரை ஒட்டி வரவேண்டும். 150 உயரம், 300 அகலம் என்றால் கால் தானாக ஏறும். மனிதனின் நடையை வைத்து 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் பிரான்சுவா ப்ளோண்டெல் சொன்ன கணக்கின் வழிவந்தது இது. இதில் ஏமாற்ற முடியாது, ஒரே ஒரு படி கொஞ்சம் கூடிப்போனாலும் ஏறுகிறவரின் கால் இடறிவிடும்.

என் படிக்கட்டு ஒன்றின் கதையைச் சொல்கிறேன். பிளானில் எல்லாம் சரி. இடையில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், மேலே வரும் பீமின் ஆழத்தை 450 மில்லிமீட்டரிலிருந்து 600 ஆக்கித் திருத்திய டிராயிங்கை அனுப்பியிருந்தார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் செக்ஷனில், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் தெரியும் படத்தில், வைத்துப் பார்க்கவில்லை. படியிலிருந்து பீமின் அடி வரை நான் 2,100 விட்டிருந்த இடம் 1,950 ஆகிவிட்டது. கண்டுபிடித்தவர் மேஸ்திரி. கம்பி கட்டி முடித்து, மறுநாள் காங்கிரீட். டிராயிங்கை விரித்துக் காட்டி, “இந்த இடத்தில் தலை இடிக்குமே சார்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவ்வளவு பேரும் நான் போட்ட கோட்டை நம்பி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். காங்கிரீட்டைத் தள்ளிவைத்து, படிக்கட்டை 300, அதாவது ஒரு படியின் அகலம், பின்னுக்கு நகர்த்தினோம். பீமுக்கு நேர்கீழே ஒரு படி இறங்கியது, 150 திரும்பக் கிடைத்தது. படிகள் முடியும் இடத்தில் உள்ள சமதளத்தை, மேல் லேண்டிங்கை, தாராளமாக விட்டிருந்ததால் தப்பித்தோம்.

அன்றிலிருந்து திருத்தம் எது வந்தாலும் முதலில் செக்ஷன் வெட்டிப் பார்க்கிறேன். பீம், ஏசி டக்ட், தண்ணீர்க் குழாய், விளக்கு எல்லாம் சீலிங்குக்கு மேலே ஒரே ஒரு முழ இடத்துக்குச் சண்டை போடும். அதைத் தீர்த்து வைக்கிற கூட்டங்கள் எனக்கு இப்போது பிடித்துப்போய்விட்டன.

ஒன்றை மட்டும் அவளிடம் மறைக்காதே. கெடு நெருங்கினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேலை செய்வதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிக்கவே இல்லை. தூக்கம் கெட்டவன்தான் திருத்தத்தைத் தவறவிடுகிறான். என் குழுவில் யாரையும் அப்படி உட்கார வைப்பதில்லை.

அப்புறம், சென்ட்ரிங் பிரித்ததும் அந்தப் படிக்கட்டில் நான் மூன்று முறை ஏறி இறங்கினேன். பீமுக்குக் கீழே போகும்போதெல்லாம் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

அவளை முதலில் உங்கள் வீட்டுப் படிக்கட்டை டேப் வைத்து அளக்கச் சொல். ஒவ்வொரு படியையும் தனித்தனியாக. 1:20 அளவில், நிஜத்தில் 20 சென்டிமீட்டர் இருப்பது தாளில் ஒன்றாக வரும்படி, ஒரு செக்ஷன் வரைந்து எனக்கு அனுப்பட்டும், சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்