கதவடைப்புக்குப் பிறகு யாரை வாங்குவது: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு ஃபிலடெல்ஃபியாவில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி அவளுக்கும் உள்ளூர் ஈகிள்ஸ் அணியின் பச்சைச் சட்டைதான், வேறு வழியில்லை.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் 2030 சீசனோடு முடிகிறதே, அதற்குப் பிறகு உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்தும் கதவடைப்பு மறுபடி வந்தால் ஒரு அணி ஃப்ரீ ஏஜென்சிக்கு, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வாங்கும் சந்தைக்கு, எப்படித் தயாராக வேண்டும் என்று கேட்டிருந்தாய். கூடவே, 2011-ல் ஈகிள்ஸ் பணத்தைக் கொட்டித்தான் கெட்டது என்றும் எழுதியிருந்தாய். அதில் எனக்கு உடன்பாடில்லை. கொடுத்த தொகையில் பெரிய தவறில்லை. வாங்கிய ஆட்களுக்குக் கொடுத்த வேலையும், அதைக் கற்றுத்தர இருந்த நாட்களும்தான் பொருந்தவில்லை.

அந்த ஆண்டின் நாள்காட்டியை ஒருமுறை பார். மார்ச் 12-ல் கதவு அடைபட்டு ஜூலை 25-ல்தான் திறந்தது. இடையில் பயிற்சியாளர் வீரரோடு ஃபோனில்கூடப் பேசக்கூடாது. ஒப்பந்தம், வீரர் மாற்றம் எதுவும் கிடையாது. ஆனால் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வுசெய்யும் டிராஃப்ட் மட்டும் ஏப்ரல் கடைசியில் நடந்துவிட்டது. வழக்கமாக மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்டுகளை எடுத்து ஓட்டைகளை அடைத்துவிட்டு, மிச்சத்துக்கு டிராஃப்டில் ஆள் பார்ப்பார்கள். 2011-ல் அந்த வரிசை தலைகீழானது. குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கெவின் கோல்பை விற்கத் தயாராக இருந்தும் டிராஃப்ட் நாளில் ஈகிள்ஸால் முடியவில்லை, தேர்வு உரிமைகளை மட்டுமே மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. முதல் சுற்றில் 26 வயது டேனி வாட்கின்ஸை கார்டாக (தாக்குதல் முன்வரிசையில் நின்று தடுப்பவர்) எடுத்ததையும் இந்த நிலைமையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உடனே ஆடத் தயாரான ஆள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

ஜூலை 26 காலையிலிருந்து ஏஜென்டுகளோடு பேரம் பேசலாம். மற்ற அணியின் ஃப்ரீ ஏஜென்டிடம் கையெழுத்து வாங்க 29-ஆம் தேதி மாலை ஆறு மணி வரை பொறுக்க வேண்டும். டிராஃப்டில் எடுத்தவர்கள், யாரும் எடுக்காமல் விட்ட புதியவர்கள், வெளியேற்றப்பட வேண்டியவர்கள் எல்லாம் அதே வாரத்தில். முகாமுக்கு 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு எண்ணிக்கையை உயர்த்தியதும் அதனால்தான். பலரும் கவனிக்காத ஒரு விதியும் உண்டு: புது ஒப்பந்தம் போட்டவர் ஆகஸ்ட் 4 வரை பயிற்சியில் இறங்கக்கூடாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. ஈகிள்ஸின் முதல் லீக் ஆட்டம் செப்டம்பர் 11. புதியவர்களுக்குக் கிடைத்தது ஐந்தே வாரம்.

அந்த ஐந்து வாரத்துக்கு ஈகிள்ஸ் வாங்கிய சரக்கு: கார்னர் (எதிரணியில் பந்து பிடிப்பவரைத் தடுப்பவர்) நாம்டி ஆசமுவா, 5 ஆண்டு, 6 கோடி டாலர், அதில் 2.5 கோடி உத்தரவாதம். நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குத்தான் போவார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது இவர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். கோல்பை அரிசோனாவுக்குக் கொடுத்து இன்னொரு கார்னர் டொமினிக் ராட்ஜர்ஸ்-க்ரோமார்ட்டியும் அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வும். தற்காப்பு முன்வரிசைக்கு ஜேசன் பேபின், கல்லன் ஜென்கின்ஸ். மாற்று குவார்ட்டர்பேக்காக வின்ஸ் யங். 'கனவு அணி' என்று வாய்விட்டவர் அவர்தான், அந்தப் பெயர் கடைசிவரை துரத்தியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆசமுவா ஓக்லாந்தில் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்று, எதிரே வருபவரைத் தொட்டுத் தள்ளி, ஆளோடு ஆளாக ஓடியவர். ஃபிலடெல்ஃபியாவில் அவரை உள்பக்கம் இழுத்தார்கள், இடம்காக்கும் ஸோன் ஆட்டத்திலும் நிறுத்தினார்கள். ஏற்கெனவே அணியில் இருந்த கார்னர் அஸான்டே சாமுவேல் பின்தள்ளி நின்று குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்துப் பாய்பவர். க்ரோமார்ட்டியும் வெளிப்பக்க ஆள். மூன்று பேரும் வெளிப்பக்கக் கார்னர்கள் என்றால் ஒருவர் உள்ளே போயே ஆக வேண்டும். உள்ளே நிற்பவர் இருபுறமும் காக்க வேண்டும், பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் ஸேஃப்டியோடு கண்ஜாடை ஒத்துப்போக வேண்டும். ஆளோடு ஆள் ஆட்டத்தை ஐந்து வாரத்தில் ஒட்டவைக்கலாம். கைமாற்றிக் காக்கும் ஆட்டத்தை அப்படி ஒட்டவைக்க முடியாது, யார் எப்போது விடுவார், யார் எடுப்பார் என்பது பல நூறு முறை சேர்ந்து ஆடித்தான் பழகும்.

பயிற்சியாளர் பக்கமும் அதே கதை. தற்காப்புக்குப் பொறுப்பேற்ற ஹுவான் காஸ்டியோ அதற்கு முன் 13 சீசன் அதே அணியில் தாக்குதல் வரிசைக்குப் பாடம் எடுத்தவர். தற்காப்பு முன்வரிசைப் பயிற்சியாளர் ஜிம் வாஷ்பர்ன் புதிதாக வந்து 'வைட் நைன்' முறையைக் கொண்டுவந்தார். அதில் தற்காப்பு முன்வரிசையின் ஓரத்து ஆளான டிஃபென்ஸிவ் எண்ட், எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டுக்கும் வெளியே நின்று நேராகக் குவார்ட்டர்பேக்கைக் குறிவைத்துப் பாய்வார். பேபினுக்கு 18 சாக் (பந்தை வீசும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), அணிக்கு மொத்தம் 50. அந்த அளவுக்கு முறை பலித்தது. ஆனால் எண்ட் வெளியே போனால் அவருக்கும் உள்பக்கம் நிற்கும் டேக்கிளுக்கும் நடுவில் பெரிய சந்து திறக்கும். அதை அடைப்பது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் வேலை. ஸ்டூவர்ட் பிராட்லியை அரிசோனாவுக்குப் போகவிட்டு, நடு லைன்பேக்கராக நான்காம் சுற்றுப் புதியவர் கேசி மேத்யூஸோடு சீசனைத் தொடங்கினார்கள். பணம் போன இடமும் சந்து திறந்த இடமும் வேறுவேறு. ஸான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு எதிராக 23-3 என்று முன்னிலை, கடைசியில் 24-23 தோல்வி. அவர்களுடைய ஓட்டக்காரர் ஃப்ராங்க் கோர் அன்று எங்கே ஓடினார் என்று பழைய வீடியோவைப் பார், புரியும். முதல் ஐந்து ஆட்டத்தில் ஒரே வெற்றி, கடைசி நான்கையும் ஜெயித்து 8 வெற்றி, 8 தோல்வி. கடைசியில் தேறினார்கள் என்பதே கால அவகாசம்தான் குறை என்பதற்குப் பாதிச் சான்று. மீதிப் பாதி குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கும் மற்றவர்களும் பந்தை இழந்தது: அந்த சீசனில் 38 முறை. அதைக் கதவடைப்பின் தலையில் கட்ட முடியாது.

சம்பள வரம்பு அந்த ஆண்டு ஓர் அணிக்கு சுமார் 12 கோடி டாலர். 2010-ல் வரம்பே இல்லாததால் பல அணிகள் தடுமாறின. நெருக்கடியைத் தணிக்க எதிர்கால ஆண்டுக் கணக்கிலிருந்து 30 லட்சம் டாலர் வரை கடன் எடுக்கவும் விட்டார்கள். கையெழுத்துப் போனஸ் கணக்கு உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 5 ஆண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி போனஸ் என்றால் ஆண்டுக்கு 40 லட்சமாக வரம்பில் ஏறும். இரண்டாண்டு கழித்து ஆளை நீக்கினால் மிச்சம் 1.2 கோடியும் மொத்தமாகத் தலையில் விழும். முறையோடு பொருந்துவாரா என்று ஐந்தே வாரத்தில் பார்க்க வேண்டிய ஆளுக்கு ஐந்தாண்டுப் போனஸ் கட்டுவது வம்பு. ஆசமுவாவை 2013 மார்ச்சில் விட்டுவிட்டார்கள்.

எதிர்ப்புற உதாரணம் அந்த ஸான் ஃப்ரான்சிஸ்கோதான். புதுப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, கதவடைப்பால் முன்பயிற்சியே இல்லாத ஆண்டு, ஆனாலும் 13-3. கார்னர் கார்லோஸ் ராஜர்ஸை ஓராண்டுக்கு 42.5 லட்சம் டாலரில் எடுத்தார்கள், அவர் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கே போனார். ஈகிள்ஸ் கைவிட்ட உதைப்பாளர் டேவிட் ஏக்கர்ஸ் அங்கே போய் 44 ஃபீல்ட் கோல் அடித்து லீக் சாதனை வைத்தார். உதைப்பாளருக்கு முகாம் தேவையில்லையே! ஏற்கெனவே செய்துவந்த வேலையையே செய்யச் சொல்லி, குறுகிய ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஈகிள்ஸும் இதைச் செய்யாமல் இல்லை: ஓராண்டுக்கு மலிவாக வந்த கார்ட் எவன் மாத்திஸ்தான் அந்தக் கோடையில் அவர்கள் வாங்கியதிலேயே சிறந்த ஆள் என்பேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கதவு மூடியிருக்கும் மாதங்களில் வீடியோவும் கணக்கும்தான் கையில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இவர் கடந்த இரண்டு சீசனில் ஆடிய அதே இடத்தில், அதே முறையில் நம்மிடம் ஆடுவாரா' என்று எழுத வேண்டும். இல்லை என்றால் ஓராண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. விலை மூன்று படியாக, ஒப்பந்த வாசகம் எழுதித் தயாராக இருக்க வேண்டும், எந்த ஏஜென்டை யார் அழைப்பது என்பதும் பிரித்திருக்க வேண்டும். திறந்த பிறகு யோசித்தால் மற்றவன் முடித்திருப்பான். பெரிய பணத்தைத் தாக்குதல் பக்கம், அதுவும் சொந்த ஆட்களைத் தக்கவைக்கப் போடுவேன். 2011-ல் குவார்ட்டர்பேக்குகள் ப்ரீஸ், பிரேடி, ஸ்டாஃபர்ட் மூவரும் பந்து வீசியதில் 5,000 யார்டைத் தாண்டினார்கள். குவார்ட்டர்பேக்கும் பயிற்சியாளரும் மாறாத இடத்தில் பாடம் தலைக்குள் இருந்தது, எதிரே நின்ற தற்காப்புகளோ இன்னும் ஒத்திகையில் இருந்தன.

மாற்று ஆட்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கு. அந்த முகாம்களின் முதல் 12 நாளில் லீக் முழுக்க 10 பேருக்கு அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. அணியின் கண்காணிப்பில்லாமல் உடம்பைத் தயார்செய்தவர்களை நேராகக் களத்தில் இறக்கியதுதான் காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். வயதான ஆளை வாங்கினால் அவர் பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டும்.

ஈகிள்ஸே அடுத்த ஆண்டு திருத்தியது எந்த இடத்தை என்று பார்: ஹூஸ்டனிலிருந்து டிமீக்கோ ரயன்ஸ், இரண்டாம் சுற்றில் மைக்கல் கென்ட்ரிக்ஸ், இரண்டு பேருமே லைன்பேக்கர்கள். அதற்குள் மற்றது கழன்று 4-12 ஆனது தனிக் கதை, அதற்கு நீ அடுத்த கடிதத்தில் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்காக வக்காலத்து வாங்குவாய் என்று தெரியும். எழுது.

அன்புடன்,
ரகு