கழுவினால் போய்விடுமா, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் சமையல் பகுதியில் மஞ்சள் கரு பால் என்று ஒன்று போட்டிருந்தீர்கள். நாட்டுக்கோழி முட்டையை வெந்நீரில் கழுவி உடைத்து, ஓட்டுக்கு ஓடு மாற்றி வெள்ளையை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை மட்டும் பனங்கற்கண்டோடு வெதுவெதுப்பான பாலில் அடித்துப் பச்சையாகக் குடிக்க வேண்டுமாம். இதோடு நின்றிருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன். கடைசி வரிதான் என்னை விடவில்லை. முட்டையைக் கழுவிவிட்டதால் கிருமி பயம் இல்லை, வயதுக்கு வந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். தாராளமாக! யாருடைய வயிறு என்று இத்தனை தாராளம்?

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தட்டுத் தட்டாக முட்டை எண்ணி வாங்கி, விரிசல் விட்டதைத் தனியே எடுத்து வைத்து, மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதக்கிறதை ஒதுக்கி, நன்றாக வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கை இது. அதனால் சொல்கிறேன், தண்ணீரில் மூழ்குகிற முட்டை பழசில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கூமுட்டையை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். கிருமி இருக்கிற முட்டைக்கு நாற்றமும் இல்லை, நிறமும் மாறாது, பார்க்க லட்சணமாகவே இருக்கும்.

நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியாததில்லை. பேதியும் காய்ச்சலும் உண்டாக்குகிற சால்மொனெல்லா என்கிற கிருமி ஓட்டின் மேல் எச்சத்தோடு ஒட்டிக்கொண்டு மட்டும் வருவதில்லை. நோய் பிடித்த கோழியின் சினைப்பையிலேயே அது இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். கோழியும் நோயாளி மாதிரி சுருண்டு கிடக்காது, நன்றாகத்தான் மேய்ந்துகொண்டு திரியும். அப்புறம் வெந்நீரில் கழுவி எதைக் கழுவுகிறோம்? ஓட்டின் வெளியில் இருப்பதை. அதையும் ஓடு மாற்றி ஓடு ஊற்றும்போது கருவின் மேலேயே தேய்த்துக் கொடுத்துவிடுகிறோம். உடைந்த ஓட்டின் விளிம்பு கூராக இருக்கும், மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கிற மெல்லிய தோல் அதில் பட்டாலே கிழிந்துவிடும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் குளிர்ந்த முட்டையாக எடுத்து ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, கரண்டியாலோ கழுவிய கையாலோ மஞ்சள் கருவை அள்ளி எடுத்துவிட்டால் போதும். குளிர்ந்த முட்டையில் கரு கெட்டியாக எழுந்து நிற்கும், பழைய முட்டையில் தட்டையாகப் படுத்துக்கொண்டு தொட்டதும் உடையும். இது சமையல் கட்டில் நிற்கிற எவருக்கும் தெரியும். உங்கள் சமையல் குறிப்பு எழுதியவர் மட்டும் எந்தக் கட்டில் நின்றார் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முட்டையின் வெள்ளைதான் மஞ்சளுக்குக் காவல். கிருமியின் மேலுறையை அரிக்கிற லைசோசைம் வெள்ளையில் இருக்கிறது, கிருமிக்கு இரும்புச் சத்துக் கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிற புரதமும் அதில் இருக்கிறது. மஞ்சளில் கிருமிக்கு வேண்டிய தீனி எல்லாம் இருக்கிறது. காவலை வடித்துக் கீழே ஊற்றிவிட்டு, தீனியை வெதுவெதுப்பான பாலில் கலந்து வைத்தால், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அந்த டம்ளர் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? வடித்த வெள்ளையை என்ன செய்வது என்றும் ஒரு வரி இல்லை. நான்கு பேருக்கு ஆறு முட்டை என்று போட்டிருக்கிறீர்கள், ஆறு முட்டையின் வெள்ளையை யார் வீட்டு அங்கணத்தில் கொட்டுவது? முட்டை விலை உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் குறைவோ என்னவோ.

அதே பக்கத்தில் கட்டம் கட்டி, ஜப்பான்காரர்கள் பச்சை முட்டையைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்களே என்று ஒரு கேள்வி. சாப்பிடுகிறார்கள்தான். அங்கே முட்டையைக் கழுவி, சோதித்துப் பிரித்து, பச்சையாகச் சாப்பிட இந்த நாள்வரை தகும் என்று கணக்குப் போட்டுத் தேதி அச்சடித்து விற்கிறார்கள். இங்கிலாந்தில் 1988இல் முட்டையும் சால்மொனெல்லாவும் என்று பெரிய ரகளை ஆகி, ஒரு அமைச்சர் பதவியை விட்டே போனார். அப்புறம் 1998இல் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையின் மேல் சிங்க முத்திரை குத்துகிற திட்டம் வந்தது. அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகள் பச்சையாகச் சாப்பிடலாம் என்று அந்த நாட்டு உணவுத் தர அமைப்பு சொன்னது 2017இல். அவர்களுக்கே இத்தனை காலம் பிடித்தது. எங்கள் தெருமுனைக் கடையில் தட்டில் அடுக்கியிருக்கிற முட்டையில் முத்திரையும் இல்லை, இட்ட தேதியும் இல்லை, நாமக்கல்லிலிருந்து வந்ததா பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. ஓடு பழுப்பாக இருந்துவிட்டால் நாட்டுக்கோழி முட்டை என்று கூட இரண்டு மடங்கு விலை சொல்வார், அவ்வளவுதான்.

பாட்டி காலத்தில் குடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். குடித்தோம். நான் வயதுக்கு வந்தபோது தினமும் விடிகாலையில் பச்சை முட்டையை வாயில் உடைத்து ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து ஊற்றி, அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வைத்தார்கள். இடுப்புக்குப் பலமாம். ஒரு நாள் பேதியும் காய்ச்சலும் பிடித்துச் சுருண்டு கிடந்தேன், கண்ணேறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி வயிறு போனதோ, எல்லாமே கண்ணேறு கணக்கில் போயிற்று. அதுவாவது வீட்டுக் கோழி அன்று காலை இட்ட முட்டை. இப்போது லாரியில் வந்து கடையில் வாரக்கணக்கில் கிடந்த முட்டைக்குப் பாட்டி பெயரைச் சொல்கிறீர்கள். பெண் பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்றால் உளுந்தங்களி கிண்டிக் கொடுங்கள், அவித்த முட்டை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது?

கேரளாவில் 2023 ஜனவரியிலும், தெலங்கானாவில் 2024 அக்டோபரிலும், நம் ஊரில் 2025 ஏப்ரலிலும் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தடை போட்டார்கள். மயோனைஸ் என்பது வேறென்ன, பச்சை மஞ்சள் கருவும் எண்ணெயும்தானே. ஷவர்மா கடைக்காரர் செய்தால் குற்றம் என்றார்கள், உங்கள் இதழ் கர்ப்பிணிக்குச் செய்யச் சொன்னால் பாரம்பரியமா? அந்தத் தடைச் செய்தியை நீங்களும்தான் அரைப் பக்கத்துக்குப் போட்டீர்கள். உங்கள் இதழை நீங்களே படிப்பதில்லை போலிருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாம் என்று போன வருஷம் எழுதினீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, பாட்யுலிசம் என்கிற, நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரும் என்று நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? கடிதத்தின் முதல் வரியில் மரியாதைக்காக எழுதிய 'உங்கள் சமையல் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன்' என்பதை மட்டும் வெட்டி எடுத்துப் பாராட்டு மழை என்ற தலைப்பின் கீழ் போட்டீர்கள். நல்ல மழை. அதனால்தான் இந்தக் கடிதத்தில் மரியாதைக்காகக்கூட ஒரு வரி எழுதவில்லை.

அப்புறம், உடற்பயிற்சிக் கூடம் போகிற பையன்களுக்கும் ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள், பச்சையாகக் குடித்தால் புரதம் முழுசாகச் சேருமாம். 1998இல் பெல்ஜியத்தில் செய்த ஆய்வில் வெந்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். பாதியைத் தூக்கி எறிவதற்கு முட்டை எதற்கு?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு விஷயம் போட்டால் போதும். கருவையும் பாலையும் கலந்து அடுப்பில் சிறு தீயில் வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தில் படிகிற அளவு கெட்டியாகும்வரை கிண்ட வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துவிடும். வெப்பமானி இருந்தால் 71 டிகிரியைத் தாண்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். ருசி ஒன்றும் குறையாது, சொல்லப்போனால் கூடும்.

என் சந்தா இன்னும் கொஞ்ச மாதம் இருக்கிறது. அதற்குள் போட்டுவிட்டால் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தென்காசி மாவட்டம்.