பேச்சுத் துணைக்கு ஒரு வேலை

மெல்போர்ன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்டோபர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். இப்போதுள்ள நாலரை மணி வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். அதனால் நீங்கள் ஐந்தரைக்குப் போடும் போனை நாலரைக்கே போடுங்கள். ஊர் சிநேகிதம் பலருக்கு அறுந்துபோவது இதில்தான். தூங்கும் நேரத்தில் ரெண்டு வாரம் போன் அடிக்கும், மூன்றாம் வாரம் அடிக்காது.

ரிட்டயர் ஆனபின் பேச ஆளில்லை என்றீர்களே, அதற்கு இங்கே 'மென்ஸ் ஷெட்' என்று ஒரு ஏற்பாடு. 1990களில் இந்த நாட்டில் தொடங்கியது, இப்போது ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரு கொட்டகை, மரவேலை மேசைகள், ரம்பம், இழைப்புளி, ஓரமாக டீ போட ஒரு கெட்டில். குறித்த கிழமையில் திறப்பார்கள். உடைந்த பொம்மை, பழைய சைக்கிள் எல்லாம் ரிப்பேருக்கு வரும். ஆம்பிளைகளை எதிரெதிரே உட்காரவைத்து மனசில் என்ன என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று பலகைக்கு உப்புத்தாள் போடும்போது கண் மரத்தில் இருக்கும், சர்க்கரை அளவும் பிள்ளையோடு வந்த மனஸ்தாபமும் தானாக வெளியே வரும்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் கணக்குப் போட்டார். அறிமுகமானவர் சிநேகிதராக சுமார் 90 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய சிநேகிதராக 200 மணிக்கு மேல். ஆபீசில் சேர்ந்து வேலை பார்த்த மணிகள் இதில் அவ்வளவாகச் சேராது; அரட்டையும் சாப்பாடும்தான் சேரும். முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் இருந்தவர் ஏன் போன் செய்வதில்லை என்பதற்கு இதுவே பதில்.

நாகேஸ்வர ராவ் பார்க்கில் உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். நடந்து முடித்ததும் அவரவர் வழியில் போய்விடுகிறீர்கள். செவ்வாய், வியாழன், சனி, நடைக்குப் பின் ஒரு மணி நேரம், ஒரே பெஞ்ச் என்று வையுங்கள். 90 மணிக்கு ஏழு மாதம் ஆகும். நாலு பேர் போதும், ஐந்தாவது ஆள் வந்தாலே பேச்சு ரெண்டாகப் பிரியும். கையில் வேலை இருக்கட்டும்: செஸ், குறுக்கெழுத்து, அபார்ட்மெண்ட் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பஞ்சர். ஒருவர் வீட்டிலேயே எப்போதும் கூடாதீர்கள். அவர் படுத்தால் கூட்டமே படுத்துவிடும். கைமாற்று, சீட்டுப் பணம் உள்ளே வரவே கூடாது. வாட்ஸப் குட்மார்னிங் எந்தக் கணக்கிலும் சேராது.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம், கபாலி கோயில் பிராகாரம் ஒரு சுற்று வருவதற்குள் நாலு பேரைப் பிடித்துவிடுவாள்.

தம்பி பெண்டாட்டியிடம் ஒன்று சொல்லுங்கள். இங்கே தலைப்பிரசவமான பெண்களை முனிசிபாலிட்டி நர்ஸே ஒரு குழுவாகச் சேர்த்துவிடுவார். எல்லார் குழந்தைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அங்கே தடுப்பூசிக்கு 6, 10, 14ஆவது வாரம் போகும்போது அநேகமாக அதே தாய்மார்கள்தான் வருவார்கள். ரெண்டாம் தடவையே நம்பர் வாங்கிக்கொள்ளட்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழுதால் மெசேஜ் போட, முழித்திருக்கும் இன்னொருத்தி கிடைப்பாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பார்க் பெஞ்ச் உதவாது. ரெண்டு மாதம் விட்டுப்போனால் மறுபடி கூடுவது கஷ்டம். லஸ் பக்கம் நாலு நாற்காலி போட இடமுள்ள காபிக் கடை ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்