கூரை ஏறியவர்களுக்கும், ஏற வேண்டாம் என்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என வழிபாட்டிடங்களின் கூரைக்குச் சூரியத் தகடு கொண்டுவரும் வேலையில் தொண்டூழியம் செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது. யார் பெயரையும் போடவில்லை. பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாயிராது. செய்த வேலையைச் சொன்னாலே அவரவருக்குத் தெரியும். இதே வேலையை இனித் தொடங்கப்போகும் நிர்வாகக் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று கணக்குகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

நம் ஊர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. காற்றாலைக்குக் காற்று போதாது, அணை கட்ட ஆறு கிடையாது. இருப்பது வெயிலும் கூரையும்தான். கரியமில வாயு வெளியேற்றத்துக்கான கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது, 2024இல் 25, 2026இல் 45. 2015இல் பாரிஸ் மாநாட்டுக்கு முன் போப் பிரான்சிசும், இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்களும், இந்து அமைப்புகளும் பருவநிலை பற்றி அடுத்தடுத்துக் குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் நம் ஊர்க் கூரைக்கு வந்து சேர எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பது இங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் நன்றி, "இந்தக் கூரை தாங்காது" என்று சொன்ன கட்டமைப்புப் பொறியாளர்களுக்கு. சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. 550 வாட் தகடு ஒன்று சுமார் 2.6 சதுர மீட்டர், 28 கிலோ. தாங்கு சட்டமும் பிடிப்பானும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 15 கிலோ வரும். தகரக் கூரைக்கு அது பெரிய பாரமில்லை. மொட்டை மாடியில் துளை போடாமல் எடைக்கல் வைத்து நிறுத்த நினைத்தால் பாரம் பல மடங்காகும். கீழே அழுத்தும் பாரத்தைவிட மேலே இழுக்கும் காற்றுதான் ஆபத்து என்று அவர்கள் விளக்கினார்கள். விடியற்காலையில் வரும் சுமத்ரா புயற்காற்று கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அதிகமாக இழுக்கும். அதனால்தான் ஓரத்தில் தகடு வைக்காமல் விடுகிறோம். அந்த இடைவெளி தீயணைப்பாளர் நடக்கவும் வேண்டும்.

மடிப்புத் தகரக் கூரையென்றால் மடிப்பையே கவ்விப் பிடிக்கும் பிடிப்பான் போதும், ஒரு துளைகூட வேண்டாம். கான்கிரீட்டில் துளை போட்டால் நீர்க்காப்புப் படலம் கிழியும். போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால், அடைத்த பிறகு 24 மணி நேரம் நீரைத் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்த்த பின்பே தகடு ஏற வேண்டும். 1991க்கு முன் கட்டிய கட்டடமென்றால் வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு சட்டப்படி கட்டாயம். பழைய சமையற்கொட்டகைகளின் நெளிகூரையைப் பார்த்தவுடன் "தொடாதீர்கள்" என்று நிறுத்தியவர்களுக்குத் தனி நன்றி. கட்டட வரைபடத்தை ஆவணப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்த மூத்த செயலாளர்களையும் மறக்க முடியாது. வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, குருக்கள்மாருக்கும் ஸ்தபதிகளுக்கும். விமானத்தின் மேலும் அதைச் சுற்றியும் தகடு வேண்டாம். திருமண மண்டபம், மடைப்பள்ளி, அலுவலகம், ஊழியர் குடியிருப்பு, இவற்றின் கூரை உங்களுடையது என்று முதல் நாளே எல்லை போட்டுக் கொடுத்தார்கள். வீண் வாக்குவாதம் அத்தோடு போயிற்று. அதைவிடப் பெரிய உதவி, கும்பாபிஷேகக் கணக்கை நினைவூட்டியது. தகட்டின் உத்தரவாதம் 25 ஆண்டு, திருப்பணி 12 ஆண்டுக்கு ஒருமுறை. ஆக, ஒரு தகட்டின் ஆயுளில் இரண்டு முறை சாரம் கட்டுவார்கள், சிமெண்டுத் தூசி விழும், வண்ணம் சொட்டும், கூரைக்குப் புது நீர்க்காப்பும் போடுவார்கள். திருப்பணிக்கு ஓராண்டு இருக்கையில் தகடு பொருத்தினால் கழற்றி மாட்டும் செலவு இரட்டிப்பு. கும்பாபிஷேகம் முடிந்த கையோடு பொருத்துவதே முறை. அப்போதும் அடுத்த சாரத்தை மனத்தில் வைத்து, கோபுரத்தை ஒட்டிய வரிசைகளைத் தனியே கழற்றும்படி அமைக்க வேண்டும்.

கோபுர நிழலை அளந்து கொடுத்த மாணவர்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் "தெற்கே சாய்த்து வை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அது செல்லாது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று மேல். உச்சிச் சூரியன் ஜூனில் வடக்கே 22 பாகை சாய்கிறது, டிசம்பரில் தெற்கே ஏறக்குறைய 25 பாகை. எந்தத் திசையில் வைத்தாலும் ஆண்டு விளைச்சலில் பெரிய வித்தியாசமில்லை. 10 பாகைச் சாய்வு கொடுப்பது வெயிலுக்காக இல்லை, மழை தகட்டைக் கழுவிவிட வேண்டும் என்பதற்காக. படுக்கையாக வைத்தால் கீழ்ச்சட்டத்தை ஒட்டி அழுக்குக் கோடு படிந்து அந்த வரிசைச் செல்களை மறைக்கும்.

கிழக்கு வாசல் ராஜகோபுரத்தின் நிழல் காலையில் மேற்கே நீண்டு மண்டபக் கூரையில்தான் விழும். தகடுகள் மணிமாலைபோல் வரிசையில் கோக்கப்படுபவை. ஒன்றில் நிழல் விழுந்தால் மாலை முழுவதும் இளைக்கும். தகட்டுக்குள் இருக்கும் மூன்று மாற்றுவழி டயோடுகள் நிழல்பட்ட மூன்றிலொரு பங்கைத் தாண்டிப் போக வழிவிடும், அவ்வளவுதான். நிழல்படும் தகடுகளையெல்லாம் ஒரே மாலையாகச் சேர்த்து, நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரில் தனி உள்ளீட்டுக்குக் கொடுங்கள் என்ற யோசனை அந்த மாணவர்களுடையது. காலை எட்டு மணி, பத்து மணி, மாலை நான்கு மணி என்று கூரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார்கள்; விலையுயர்ந்த மென்பொருள் அதே விடையைப் பிறகு சொன்னது.

இப்போது மடைப்பள்ளி அக்காமாருக்கு. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான் என்று சொல்லலாம்.

50 கிலோவாட் அமைப்புக்கு 91 தகடு, நடைபாதையோடு சுமார் 350 சதுர மீட்டர். சிங்கப்பூர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் கிடைக்கும். மொத்தம் 60,000 யூனிட், நாளொன்றுக்குச் சராசரி 164. யூனிட்டுக்கு 0.4 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் ஆண்டுக்கு 24 டன் தவிர்க்கப்படுகிறது. கணக்கு இனிக்கிறது. ஆனால் நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் பல கோயில்களில் உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியிருப்பார்கள்! விளக்கும் விசிறியும் ஏர்கானும் ஓடுவது அதிகாலையிலும் மாலை ஆறுக்கு மேலும். நடுப்பகல் மின்சாரம் ஊரின் பொது மின்கட்டமைப்புக்குப் போய்விடும். அப்படிப் போகும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். மின்கட்டமைப்புக் கட்டணம் அதில் சேராது.

இதற்கு மின்கலம் வாங்கலாம் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "மாவை மத்தியானமே அரைத்தால் என்ன?" என்று கேட்டார்கள் அக்காமார். மாலை ஐந்து மணிக்கு ஓடிய கிரைண்டர் பதினொன்றுக்கு வந்தது. கடலையும் பயறும் வேகும் நேரம், பாத்திரம் கழுவ வெந்நீர் போடும் நேரம், மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் நேரம் எல்லாம் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையே நகர்ந்தன. ஒரு வெள்ளி செலவில்லை.

எரிவாயு அடுப்பிலிருந்து மின்னடுப்புக்கு மாறுவது இவ்வளவு எளிதில்லை. 100 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 8.4 யூனிட் வேண்டும். வெப்ப இழப்பையும் சேர்த்தால் 12 கிலோவாட் அடுப்பில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அடுப்பு வாங்கியாயிற்று, அண்டா அலுமினியம் என்றால் தூண்டல் அடுப்பு அதைச் சீண்டாது. காந்தம் ஒட்டும் அடி வேண்டும். வாங்குவதற்கு முன் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மையை எடுத்துப்போய் ஒவ்வோர் அண்டாவிலும் ஒட்டிப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று அக்காமார் பட்டியல் கொடுத்தார்கள். அடி குழிந்த பாத்திரமும் வேண்டாம். மும்முனை மின்இணைப்புக்குத் தாங்கும் திறன் மிச்சமிருக்கிறதா என்பதையும் அடுப்புக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அகல் விளக்கை எடுத்துவிடுவீர்களா என்று சிலர் பயந்தார்கள். அகலை யாரும் தொடமாட்டோம்.

பள்ளிவாசல் நண்பர்களே, உங்கள் கணக்கைப் பார்த்து எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை. உச்சி சாய்ந்ததும்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் தொடங்குகிறது. கூட்டமும் குளிர்சாதனமும் வெயிலும் ஒரே வேளையில் உச்சம் தொடுகின்றன. சீக்கியரின் குருத்வாராவில் லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தின் அடுப்பு பகல் முழுதும் எரிகிறது, அங்கும் பிரச்சினையில்லை. தேவாலயங்களில் ஞாயிறு காலைக் கூட்டம்தான் பெரிது, ஆனால் வளாகத்தில் பாலர் பள்ளி இருந்தால் வாரநாள் மின்சாரம் அங்கே செலவாகிவிடும். ஓராண்டு அரைமணி நேர மின்பயன்பாட்டுக் கணக்கைக் கூச்சமில்லாமல் எங்களுடன் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. ஒப்பிட அது இல்லாதிருந்தால் எல்லாக் கூரைக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்திருப்போம்.

உரிமம் பெற்ற மின்பணியாளர்களுக்கும், படிக்கட்டில் தகடு சுமந்த தமிழக, பங்ளாதேஷ் ஊழியர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? வேறு வேறு நிறுவனங்களின் இணைப்பு முனைகளை ஒன்றோடொன்று செருகினால் பார்வைக்குப் பொருந்தும். உள்ளே தொடுபரப்பு சரியாக அமையாமல் சூடேறும், உருகும், தீப்பிடிக்கும். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணைந்துவிடும். தகட்டிலிருந்து வரும் நேர்மின்சாரம் அப்படித் தொடாது, பொறி நின்று எரியும். "முனை ஒரே நிறுவனம், ஒரே வகை, அழுத்தக் கருவியும் அதற்குரியதே" என்று பிடிவாதமாக நின்றார்கள். சாதாரண நெகிழிப் பட்டை வெயிலில் சில ஆண்டுகளில் பொடிந்து கம்பி கூரையில் உரசும் என்று துருப்பிடிக்காத எஃகுக் கவ்விகளைப் போட்டார்கள். தகட்டின் அடியில் 15 சென்டிமீட்டர் காற்றோட்டம் விட்டார்கள். தகட்டின் திறன் 25 பாகை வெப்பத்தில் கணக்கிடப்பட்டது; நம் கூரையில் அது 60 பாகையைத் தொடும்போது ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். அடைத்து வைத்தால் இன்னும் குறையும்.

மின்தடை வந்தால் தகடும் நின்றுவிடும் என்று நிர்வாகக் குழுக்களிடம் பொறுமையாகச் சொன்னதும் அவர்களே. மின்கட்டமைப்பில் வேலை செய்பவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படாதிருக்க இன்வர்ட்டர் தானே அணைந்துவிடும். "சூரியசக்தி இருக்கிறதே, ஜெனரேட்டர் எதற்கு?" என்று திருவிழாவுக்கு முன் விற்றுவிடாதீர்கள்.

பொருளாளர்கள் கேட்ட கேள்விகள் எரிச்சலூட்டியதுண்டு, இப்போது ஒப்புக்கொள்கிறோம். வழிபாட்டிடங்கள் பலவற்றின் நிலக்குத்தகை 30 ஆண்டு. அதில் 12 ஆண்டு மீதமிருக்கையில் "முதலீடு எங்களுடையது, 20 ஆண்டு மின்சாரம் வாங்குங்கள்" என்று சூரியத் தகடு நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மிச்ச 8 ஆண்டுக்கு யார் பொறுப்பு? நடுவில் கழற்ற என்ன விலை, திருப்பணிக்குக் கழற்றி மாட்டுவது யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும் என்றார்கள். சொந்தமாக வாங்கினால் இன்வர்ட்டர் 10 முதல் 15 ஆண்டில் மாற்ற வேண்டியது. அதற்கு முதல் ஆண்டிலிருந்தே தனிக் கணக்கில் பணம் ஒதுக்கச் சொன்னார்கள்.

ஸ்ரீ மாரியம்மன் கோயில், ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், லூர்து அன்னை தேவாலயம் போன்றவை தேசியச் சின்னங்கள். அங்கே கூரையில் கைவைக்கத் தேசிய மரபுடைமைக் கழகத்தின் அனுமதி வேண்டும். இத்தகைய இடங்களில் 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி, எல்இடி விளக்கு, புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டம் என்று வேறு வழி பாருங்கள் என வழிகாட்டியவர்களுக்கும் நன்றி.

தகடு கழுவும் இளையர்களே, ஹோமப் புகையும் நெய்க்கரியும் மழையில் போகாது, பிசுக்கு அது. மென்தூரிகை, மிதமான சோப்புநீர், அதுவும் தகடு சூடேறுமுன் காலை எட்டுக்குள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றினால் விரிசல் விடும், மேலேறி நின்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் செல்லில் விழும். சொன்னபடி செய்கிறீர்கள். மைனாக்கள் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

தகடு கழுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறரை மணிக்கே கூரைச் சாவியோடு வந்து நிற்கும் காவலர் அண்ணன்மார்களே, உங்களுக்கும். அடுத்த முறை சாவிக்கொத்தில் இன்வர்ட்டர் அறைச் சாவியையும் கோத்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் நீங்கள் இரண்டு மாடி இறங்கி ஏற வேண்டாம்.

அன்புடன்,
கூரைப் பணித் தொண்டூழியர்கள்
சிங்கப்பூர்