அடுத்த வாரம் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பள்ளிப் பிள்ளைகளின் தூய்மைப் பணி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் நாற்பது பிள்ளைகள் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு வரிசையாக நிற்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் தரையில் ஒரு சருகுகூட இல்லை. துடைப்பங்களின் முனையும் தேயவில்லை. பெருக்கி முடித்த பிறகு எடுத்த படமா, பெருக்காமலே எடுத்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. கட்டுரையில் தாளாளர் பேசுகிறார், சிறப்பு விருந்தினர் பேசுகிறார். பிள்ளைகள் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நான் ஓய்வுபெற்ற நூலகர். நான் வேலை பார்த்த நூலகத்தில் சில ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களை ஒட்டினார்கள். நான் திட்டம் போட்டுத் தொடங்கியது இல்லை. ஒரு சிறுமி ஒரு கையில் அட்டையையும் இன்னொரு கையில் கழன்ற தாள்களையும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "பக்கமெல்லாம் மாறி மாறி இருக்கு சார், திருடன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சுபோச்சு" என்றாள். நியாயமான சண்டை. "அப்படின்னா நீயே வந்து ஒட்டிக் குடு" என்றேன், வாயை அடைக்கத்தான். அடுத்த சனிக்கிழமை இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

சரி, வந்துவிட்டார்கள், சொல்லிக் கொடுக்க வேண்டுமே. முதல் பாடம், செலோடேப்பைத் தொடக் கூடாது. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், சில வருடங்களில் மஞ்சளாகிப் பிசின் கசியும். டேப் உதிர்ந்த பிறகும் கறை மட்டும் தாளில் தங்கிவிடும். அதனால் மெல்லிய தாளை நீளவாக்கில் கிழித்து, மாவுப் பசை தடவி ஒட்ட வேண்டும். வெட்டாமல் கிழிப்பதற்கும் காரணம் உண்டு. கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் ஒட்டிய இடம் தடிப்பாகத் தெரியாது. இதை ஒரு தடவை காட்டினேன். அப்புறம் என்னைவிட நன்றாகக் கிழித்தார்கள்.

இரண்டாவது வாரமே ஒரு விபத்து. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பசையை அள்ளி அப்பி, புத்தகத்தை மூடி, மேலே கனமான அகராதியையும் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறு சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் எட்டுப் பக்கம் ஒரே பலகையாகிக் கிடக்கிறது. பையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகளே பஞ்சாயத்து கூட்டிவிட்டார்கள். ஒட்டிய பக்கத்துக்கு இருபுறமும் மெழுகுத்தாள் வைக்க வேண்டும், ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்று முடிவானது. கோணல்மாணலான எழுத்தில் அது சுவரில் ஏறியது. நான் எழுதி ஒட்டிய எத்தனையோ அறிவிப்புகளை யாரும் படித்ததில்லை. இதை எல்லாரும் படித்தார்கள்.

கூட்டத்தில் ஏழு வயதுக் குட்டி ஒருத்தி இருந்தாள். பசை வேலைக்குக் கை வராது. மாவுப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஒட்டிய புத்தகங்களை வாராவாரம் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலையை மற்றவர்கள் அவளுக்குக் கொடுத்தார்கள். பூச்சி இன்ஸ்பெக்டர் என்று பட்டமும் கொடுத்தார்கள். மழைக்காலத்திலும் ஒரு சனிக்கிழமை அவள் தவறவில்லை. தான் வராவிட்டால் பூச்சி புத்தகத்தைத் தின்றுவிடும் என்று உண்மையாகவே நம்பினாள். ஒருவகையில் அது உண்மையும்கூட.

பிறகுதான் சான்றிதழ் வந்து சேர்ந்தது. மேலிடத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனதோடுதான் சொன்னார்: பத்து வாரம் வந்தால் சேவைச் சான்றிதழ். அடுத்த மாதமே கூட்டம் இரட்டிப்பானது. பெற்றோர் வாசலில் நின்று, "எத்தனை வாரம் பாக்கி?" என்று கேட்டார்கள். பத்தாவது வாரம் சான்றிதழை வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினோராவது வாரம் வரவில்லை. புதிதாக வந்தவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. பழைய ஆட்களில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அதுதான் உறுத்தியது.

இது என் நூலகத்துக் கதை மட்டும் இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்துக் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

பிறருக்கு உதவுவதிலும் இதே கதைதான். 2008இல் வார்னெக்கன், டொமாசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 20 மாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்ததற்குப் பொம்மை பரிசாக வாங்கிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாயால் மட்டும் பாராட்டு வாங்கியவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பேச்சே சரியாக வராத வயதில் உதவும் குணம் இருக்கிறது; நாம் அதற்குக் கூலி பேசப் போகிறோம்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் கொடிபிடிக்கவில்லை. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் வயதில் அது பயன்படத்தான் செய்யும். சிறு பிள்ளைகளிடம் முதல் நாளே அதைக் காட்ட வேண்டாம் என்கிறேன். ஒருநாள் திடீரென்று கூப்பிட்டு, "நீங்க ஒட்டின புத்தகத்தை எத்தனை பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்று பதிவேட்டைக் காட்டினால் போதும். நான் காட்டியிருக்கிறேன். சண்டைக்கு வந்த அந்தச் சிறுமி, விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யூனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றைப் போட்டுக் காட்டினார்; மேலே ஏற ஏறப் பிள்ளைகளின் பங்கு கூடும். கீழிருந்து மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் இரண்டாவது படிக்குப் பெயர் அலங்காரம். எதற்கென்று தெரியாமலே, வாசகம் அச்சிட்ட சட்டையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மேடையில் ஆடவிடுவதை அவர் உதாரணமாகச் சொல்கிறார். நாற்பது தொப்பிகளைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஏணியின் உச்சிப்படியில் பிள்ளைகள் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே யோசனை பிள்ளைகளுடையது, முடிவைப் பெரியவர்களோடு சேர்ந்து எடுக்கிறார்கள். எங்கள் நூலகத்திலும் கத்தரிக்கோலை யார் கையில் கொடுப்பது என்பதை நான்தான் பார்த்துக்கொண்டேன். உடைந்த கண்ணாடி, சாக்கடை, வண்டி ஓடும் சாலை, இதெல்லாம் பிள்ளைகளுக்கான வேலையே இல்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

எண்ணிக்கையும் பெருமைப்படும் விஷயம் இல்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உதவக்கூடிய மற்ற பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தபோது ஐந்து வயதுக் குழந்தைகள், தனியாக இருந்தவர்களைவிடக் குறைவாகவே உதவ முன்வந்தார்கள். யாராவது செய்வார்கள் என்று பெரியவர்கள் ஒதுங்குவது அந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்பது பேருக்கு ஒரு மைதானத்தைக் காட்டினால் ஐந்து பேர் பெருக்குவார்கள், மீதிப் பேர் துடைப்பத்தைக் கிரிக்கெட் மட்டையாக்குவார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வராது. விளையாட்டும் ஓய்வும் அவர்கள் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவே சொல்கிறது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது 12ஆம் பிரிவு. எங்கே பெருக்குவது, பெருக்கத்தான் வேண்டுமா என்று அந்த நாற்பது பேரிடம் யாராவது கேட்டார்களா?

உங்கள் நிருபரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு மறுபடி போனால், மேடை காலியான பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும் ஏதாவது ஒரு பிள்ளையிடம், "அடுத்த வாரம் உனக்கு என்ன வேலை?" என்று கேட்கட்டும். கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். "தெரியாது" என்று வந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்