கிற்றார் வாங்குவது பற்றி, ரொறன்ரோவில் இருக்கும் கூட்டாளிக்கு

யாழ்ப்பாணம்,
மார்கழி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் கிற்றாரின் படமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் விட்டபாடில்லை, வெங்காயம் வைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்து, நல்லூருக்கு நடந்தே போய்வருகிறா. உன்னைப் பற்றி ஒவ்வொரு வெள்ளியும் கேட்பா. மகள் மருதனார்மடத்தில் வயலின் படிக்கிறாள், நல்ல காது அவளுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கிற்றார் செய்கிற ஒருவர் உனக்கென்று ஒரு எலக்ட்ரிக் கிற்றார் செய்து தரக் கேட்பது 6,500 கனடா டொலர், பாதி முற்பணம், கையில் வர ஒரு வருடம். இங்கத்தைய காசுக்குப் பத்து இலட்சத்தை எப்போதோ தாண்டிவிடும். வாங்கலாமா விடலாமா என்று ஒரே வரியில் சொல் என்கிறாய். வாங்கு, ஆனால் அவர் எழுதித் தந்த அதே ஓடரைக் கொடுக்காதே.

வாங்கச் சொல்வது உன் கைக்காக. மெஷினில் அடிபட்ட பிறகு இடது மோதிர விரலின் நடு மூட்டு முழுதாக மடங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். கடையில் தொங்குகிற கிற்றார் எதுவும் அந்த விரலை நினைத்துச் செய்ததல்ல. இப்போது நீ வைத்திருப்பது ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி, 25.5 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிர்கிற நீளம். கிப்சன்காரர் வழக்கமாக வைப்பது 24.75. முக்கால் அங்குலம்தானே என்று விட்டுவிடாதே. முதல் நாலு ஃபிரெட் (நெக்கில், அதாவது கிற்றாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) பிடிக்கிற தூரம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் குறையும். அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினாலும் இழுவிசை நூற்றுக்கு ஆறு வீதம் அளவில் இறங்கும். ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்குகிற பார் கோர்ட் பிடித்து ஒரு பாட்டு முழுக்க நிற்க வேண்டிய உனக்கு அது பெரிய வித்தியாசம். நெக்கின் முதுகு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு வளைவு என்பதும் அப்படித்தான். அந்த மோதிர விரல் மடங்காமலே கம்பியில் விழுகிற மாதிரி நெக்கைச் செதுக்க ஒருவர் இருக்கிறார் என்றால் அதற்குக் காசு கொடுப்பது வீண் செலவு இல்லை.

1990க்குப் பிறகு கறண்ட் இல்லாமல் இருந்த வருடங்களை நினைத்துப் பார். சத்தத்தைக் கூட்டுகிற அம்ப் மூலையில் கிடந்தது. பற்றரியே தடை செய்த சாமான், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். உங்கள் வீட்டு மர அலுமாரிக் கதவில் கிற்றாரின் தலையை முட்டக் கொடுத்துக்கொண்டு வாசிப்பாய். அலுமாரி முழுக்க அதிரும், அறைக்குள் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் வடிவாகக் கேட்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்புக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. நெக்கும் கம்பியும் உன் விரலும்தான். உன் வாசிப்பு அப்படித்தான் உருவானது. நான் எத்தனையோ பேருடைய கிற்றார்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன், நெக்கை உள்ளங்கையால் அறிந்து வாசிக்கிறவர்களில் உன்னைப் போல ஒருவரையும் காணவில்லை. அதனால்தான் சொல்கிறேன், காசை நெக்கில் போடு.

அவர் எழுதித் தந்த கணக்கில் காசு போவது மரத்துக்கு. படத்தில் கண்ணைப் பறிக்கிற அந்த மேப்பிள் முகப்பு, கீழே மஹோகனி, விரல் அழுத்துகிற ஃபிங்கர்போர்ட்டுக்குக் கருங்காலி. வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் குடைவில்லாத பலகை உடலில் அம்புக்குப் போகிற சத்தத்தை எடுப்பது பிக்கப்பின் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும். மரத்தால் ஒன்றுமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பிக்கப்பைக் கம்பிக்குக் கிட்ட ஒரு மில்லிமீற்றர் ஏற்றினாலோ, அம்பின் ஸ்பீக்கரை மாற்றினாலோ வருகிற மாற்றம் என் காதுக்கு அதைவிடப் பெரிது. 1950இல் ஃபெண்டர் விற்கத் தொடங்கிய கிற்றார் என்ன? தட்டையான பலகை, நாலு ஸ்குரூவில் பூட்டிய நெக். தொழிற்சாலையில் கெதியாகச் செய்து முடிக்க வரைந்த வடிவம். இன்றைக்கும் மேடையில் அது நிற்கிறது. மஹோகனியும் தடித்த மேப்பிளும் சேர்ந்தால் நாலு கிலோவைத் தாண்டும், உன் முதுகையும் யோசி. சாதாரண ஆல்டர் மரம் போதும் என்று சொல்லு, மிச்சம் வருவது சின்னத் தொகை இல்லை.

அந்த மிச்சத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்ரீல் ஃபிரெட் கேள். வழக்கமான நிக்கல் கலவை ஃபிரெட்டை விட அது சுலபத்தில் தேயாது. ஊருக்குக் கொண்டு வந்தால் இந்தக் கடல் காற்றில் கறுக்காது. எனக்குச் சீர் பண்ண வருகிற கிற்றார்களில் பாதிக்கு மேல் கோளாறு ஃபிரெட்டில்தான்: ஒன்று தேய்ந்த பள்ளம், இல்லையென்றால் ஓரம் குத்துகிறது.

ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று போடச் சொல்லியிருக்கிறாய். அதன் மணி மாதிரியான சத்தம் எனக்கும் விருப்பம். ஆனால் அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 ஹேர்ட்ஸ், இரண்டு கறண்டிலும் அது இரையும். கோயில் திருவிழா மேடையில் அலங்கார லைற்றுகளுக்கும் ஜெனரேற்றருக்கும் நடுவில் நின்று வாசித்துப் பார்த்தவர்கள் நாங்கள், உனக்குத் தெரியாததா? கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப், வை. 1955இல் கிப்சனில் இருந்த சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. இரண்டு சுருளை எதிரெதிராகப் பூட்டினால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும், கம்பியின் சத்தம் அப்படியே இருக்கும். மற்ற இரண்டும் ஒற்றையாகவே இருக்கட்டும். அங்கத்தைய அம்பை மட்டும் கொண்டு வர நினைக்காதே, இங்கே 230 வோல்ற்.

முற்பணம் கொடுக்க முதல் அவர் செய்த கிற்றார் ஒன்றை, இரண்டு மூன்று கனடா பனிக்காலம் கண்டதை, வாங்கிப் பார். ஹீற்றர் போட்ட வீட்டின் வறண்ட காற்றில் மரம் சுருங்கும், ஃபிரெட் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட விடு. ஃபிரெட் நுனி முள்ளுப் போலத் தட்டுப்பட்டால் மரத்தை அவர் எப்படிக் காய வைத்தார், எவ்வளவு நாள் வைத்தார் என்று கேள். பதில் இழுபட்டால் எழும்பி வந்துவிடு. நெக் முறுகினால் யார் பொறுப்பு, காசு திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்கு. ஃபிங்கர்போர்ட்டுக்கு பிரேசில் ரோஸ்வுட் இருக்கிறது என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லு. 1992 முதல் அந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டிக் கொண்டு வருவது பெரிய சோலி.

இன்னொன்று. உன் அளவுக்குச் செய்த கிற்றார் இன்னொருவர் கைக்குப் பொருந்தாது. விற்க வெளிக்கிட்டால் போட்ட காசு திரும்பாது. மகனின் கம்பஸ் படிப்புக் காசும் வீட்டுக் கடனும் கட்டிய பிறகு மிஞ்சுகிற காசு என்றால் மட்டும் இறங்கு. இல்லையென்றால் இப்போது இருப்பதை ஒரு நல்ல ஆளிடம் கொடுத்து ஃபிரெட்டைச் சமப்படுத்தி, 24.75 ஸ்கேலில் வேறு நெக் பூட்டலாமா என்று கேள். பூட்டுகிற நெக் என்பதால் அதற்கென்றே செய்த மாற்று நெக் கிடைக்கும். ஆயிரம் டொலரைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சிப்பியில் யாழ் பதிக்க இருநூறு டொலர் கூட என்று எழுதி, அது தேவையா என்று கேட்டிருக்கிறாய். மற்ற எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதே மச்சான். அது இல்லாமல் அந்தக் கிற்றாரை என்னால் நினைக்க முடியவில்லை.

கடைக்குப் போய் கைக்குப் பிடித்த கிற்றார் ஒன்றின் நெக்கை, முதலாம் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் கலிப்பரால் அளந்து எனக்கு அனுப்பு. மோதிர விரலை எவ்வளவு மடக்க முடிகிறது என்று பக்கவாட்டில் ஒரு படமும் எடு. ஓடரை நான் திருப்பி எழுதித் தருகிறேன். வரும் ஆவணியில் ஊருக்கு வருவதானால் 10ஆம் நம்பர் கம்பிச் செட் கொஞ்சம் கொண்டு வா, இங்கே நல்லது கிடைப்பது கஷ்டம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் கூட்டாளி